ஜோஹானஸ்பர்க் அருகே மூன்று கல்மேடுகள்: யாரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

பழைய கல்சுவர் ஊர்களின் இடிபாடுகளைப் பார்க்கக்கூடிய மூன்று குன்றுகளில் எதற்குப் போவது என்ற முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயதானவர்களும் சிறு பிள்ளைகளுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கையில் இருந்தால் மெல்வில் கொப்பீஸ். பழைய ஊர்களின் இடிபாடுகளை நன்றாகப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான் என்றால் கிளிப்ரிவியர்ஸ்பெர்க். நாள் முழுக்க நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கும், சுத்தமாக நடக்கவே முடியாமல் காரில் உட்கார்ந்து மலையைப் பார்க்க வேண்டியவர்களுக்கும் சைகர்போஸ்ராண்ட்.

ஆனால் எந்தக் குன்று என்பதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. எந்த மாதம் போகிறீர்கள்? விவரம் தெரிந்த ஒருவர் கூட வருகிறாரா? தை மாதத்தில் வழிகாட்டி இல்லாமல் போனால் மூன்றில் எங்கே போனாலும் இடுப்பளவு புல்லையும் அங்கங்கே சிதறிக் கிடக்கும் கற்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அதே இடத்துக்கு ஆனி மாதத்தில், தெரிந்தவரோடு போனால் ஒரு ஊரே கண்முன் விரியும்.

இந்திய வம்சாவளியினர் வாழும் லெனேசியா, லாடியம், ஆக்டன்வில் பகுதிகளில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு டர்பனிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ விருந்தினர் வந்தால் கூட்டிப்போகும் இடங்கள் பெரும்பாலும் கடைவீதிகளும் சிங்கப் பூங்காவும்தான். வீட்டிலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத் தொலைவில் 200, 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்கள் மலைச்சரிவில் கிடப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. வருகிறவர்கள் மாமல்லபுரத்தையும் ஹம்பியையும் பார்த்தவர்களாக இருப்பார்கள். இங்கே தூணும் இல்லை, சிற்பமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே பார்க்கக் கிடைப்பது கோயிலோ அரண்மனையோ அல்ல; சாதாரணக் குடும்பங்கள் மாடு கட்டி, சோளம் இடித்து, பிள்ளை வளர்த்த வீடுகளின் அடிச்சுவர்கள். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் அதன் சுவையே தனி.

எதைப் பார்க்கப் போகிறோம்?

ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி மேட்டுநிலம். கட்டட மரம் குறைவு, கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே குடியேறிய சோத்தோ, த்ஸ்வானா மொழி பேசும் மக்களின் முன்னோர்கள் கல்லால் ஊர் கட்டினார்கள். பார்க்கக் கிடைக்கும் கல்சுவர்களில் பெரும்பாலானவை 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உள்ள காலத்தைச் சேர்ந்தவை. 1820களில் இந்த மேட்டுநிலம் முழுவதும் போரும் இடப்பெயர்வுமாகக் கலங்கிப்போனது. ந்தெபெலே மன்னர் ம்சிலிகாசியின் படைகளும் இந்தப் பக்கம் வந்தன. அப்போது கைவிடப்பட்ட ஊர்கள்தான் இவற்றில் பல.

ஊரின் அமைப்பு மனதில் இருந்தால் கற்குவியல் தானாகவே படம் வரைந்து காட்டும். நட்டநடுவில் மாட்டுப் பட்டி. ஒன்றோ பலவோ வட்டங்களாக இருக்கும். மாடுதான் செல்வம், மணப்பெண் வீட்டாருக்குத் தரும் சீரும் அதுதான். ஆகவே அதற்குத்தான் நடு இடம். பட்டியை ஒட்டி ஆண்கள் கூடி வழக்குப் பேசும் முற்றம். இவற்றைச் சுற்றி வளையமாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் வளைந்த முற்றச் சுவர். இந்த வளைவுகள் அடுத்தடுத்துச் சேர்வதால் ஊரின் வெளிச்சுவர் நேராகப் போகாமல் பூவிதழ் போல வளைந்து வளைந்து போகும். ஒரு மேட்டில் ஏறி நின்று இந்த இதழ்களைக் கண்ணால் பிடித்துவிட்டால், மாட்டுப் பட்டி எங்கே இருக்கும், வாசல் எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சாந்து கிடையாது, களிமண் பூச்சும் கிடையாது. இரண்டு பக்கமும் பெரிய கற்களை முகம் வெளியே தெரியும்படி அடுக்கி, நடுவில் பொடிக்கல்லைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அடிவரிசைக் கற்கள்தான் மிகப் பெரியவை. மேலே போகப் போகச் சிறியவை. இன்று முழங்கால் உயரத்தில் நிற்கும் சுவருக்கு இரண்டு பக்கமும் கல் சரிந்து கிடப்பதைக் கணக்கில் சேர்த்தால்தான் அது எந்த உயரத்தில் இருந்தது என்று புரியும். பட்டியின் வாசல் ஒரு மாடு நுழையும் அகலம்தான். சில இடங்களில் வாசலின் இருபுறமும் கல்லைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். முற்றங்களில் நீள்வட்டமாகக் குழிந்த கல் கிடந்தால் அது தானியம் அரைத்த கல். எத்தனை வருடம், எத்தனை கைகள் முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்திருந்தால் கல் அப்படிக் குழியும் என்பதை நம் வீட்டுப் பாட்டிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடிபாட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. புல்சரிவின் நடுவே காரணமில்லாமல் ஒரு மரக்கூட்டம் அடர்ந்து நின்றால் அங்கே பழைய சுவர் இருக்க வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாணத்தால் பட்டியின் மண் வளமாக இருக்கும். சுற்றியுள்ள கல் காட்டுத்தீயை ஓரளவு தடுக்கும். இந்த இரண்டாலும் மரக்கன்று பிழைத்துக்கொள்கிறது. உள்ளூரில் வெள்ளை ஸ்டிங்க்வுட் என்று சொல்லும் மரம் இப்படிப்பட்ட இடங்களில் விரும்பி வளரும். ஊர் உயிரோடு இருந்தபோது அந்த நிழல் அங்கே இருந்திருக்காது.

மெல்வில் கொப்பீஸ்

நகரத்துக்குள்ளேயே, எம்மரென்ஷியா பகுதியை ஒட்டி இருக்கும் பாறைக்குன்று. 1959இல் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1968இல் தேசிய நினைவுச் சின்னமானது. காலடியில் கிடக்கும் குவார்ட்சைட் பாறை 290 கோடி ஆண்டு பழையது.

இங்கே வரவேண்டியதற்கு முதல் காரணம் இரும்பு உலை. 1963இல் ஜோஹானஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரெவில் மேசன் இங்கே அகழ்ந்தார். இரும்பு உருக்கிய உலைகளும், அதற்கும் வெகு காலம் முந்தைய கற்கால மக்கள் தங்கிய தடயமும் கிடைத்தன. களிமண்ணால் உலை கட்டி, கரியையும் இரும்புக் கல்லையும் மாற்றி மாற்றிப் போட்டு, தோல் துருத்தியால் சுடுமண் குழாய் வழியாகக் காற்றை ஊதி உருக்கினார்கள். தமிழ்நாட்டில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய ஊரான கொடுமணலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது: அதே துருத்தி, அதே ஊதுகுழாய், அதே கசடு. கடல் கடந்து வந்த பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். கறுத்து, கண்ணாடி போல் பளபளக்கும் கசடுத் துண்டு தரையில் கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

குன்றின் நடுப்பகுதி எந்த நேரமும் திறந்து கிடக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் பார்வையாளர்களை ஏற்று அழைத்துப் போகிறார்கள். ஜூடித் சாலையில், மார்க்ஸ் பார்க் விளையாட்டு மன்றத்துக்கு எதிரே நுழைவாயில். எந்த ஞாயிறு விளக்கத்தோடு கூடிய சிறு நடை, எந்த ஞாயிறு நீண்ட மலை நடை என்பதை முன்னாலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீண்ட நடை நாளில் பாட்டியைக் கூட்டிப்போனால் பாதி வழியில் உட்காரவேண்டி வரும். கட்டணம் என்று இல்லாமல் நன்கொடையாகக் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

ஞாயிறு மட்டும் என்பது நமக்கு ஒரு சங்கடம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறுகளும், தமிழ்ப் பள்ளி நடக்கும் ஞாயிறுகளும் போனால் மிஞ்சுவது குறைவு. குளிர்காலத்தில் இங்கே போக நினைப்பவர்கள் ஆனி மாதத்திலேயே ஒரு ஞாயிறை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஏற்றம் பெரிதில்லை. ஆனாலும் பாதை சமதளம் என்று நினைத்துவிட வேண்டாம். பாறை மேல் கால் வைத்து ஏறும் இடங்கள் உண்டு. கைத்தடியோடு நடப்பவர்கள் மெதுவாகச் சமாளிப்பார்கள். சக்கர நாற்காலிக்கு வழியில்லை.

கிழக்கு, மேற்குப் பகுதிகளில் வாரநாட்களிலும் ஆட்கள் நடமாடுவதைப் பார்க்கலாம். அங்கே தனியாகவோ இருவராகவோ போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நகரத்துக்குள் இருக்கும் மலைமுகடுகளில் வழிப்பறி நடப்பது தெரிந்த விஷயம். குழுவோடு, ஞாயிறு காலையில், நடுப்பகுதிக்குப் போங்கள்.

கிளிப்ரிவியர்ஸ்பெர்க்

எங்களைக் கேட்டால் லெனேசியாக்காரர்கள் முதலில் போகவேண்டியது இங்கேதான். என்12 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் அரை மணி நேரத்தில் மொண்டியோர் பகுதி. அதன் தெற்கு விளிம்பில் 680 ஹெக்டேர் பரப்பில் இந்தக் காப்பிடம் இருக்கிறது. 1984இல் அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஃபிராண்டாஃப் சாலை வாசல் பலருக்கும் வசதி.

பாறை இங்கே வேறு. மெல்விலில் பார்த்த வெளிர்நிறக் குவார்ட்சைட் இல்லை. 270 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, பச்சையோடிய சாம்பல் நிறம். உடைந்தால் கைக்கு அடங்கும் கட்டிகளாக உடையும். சுவர் கட்ட வசதியான கல். இந்தச் சரிவுகளில் கல்சுவர் ஊர்கள் இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே காணும் சுவர் அமைப்பு தொல்லியலில் இந்த மலையின் பெயராலேயே ஒரு தனி வகையாகக் குறிப்பிடப்படுகிறது.

புளூபோஸ் என்ற ஓடை காப்பிடத்தின் பள்ளத்தில் ஓடுகிறது. வாசலிலிருந்து ஓடைக்கு இறங்கி, கடந்து, எதிர்ச்சரிவில் ஏறி, முகட்டில் சற்று நடந்து, இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப நிதானமாக மூன்று மணி நேரம் வையுங்கள். பிள்ளைகளோடு போனால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதுதான் சரி. சமவெளிக் கணக்கு இங்கே எடுபடாது. ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது. மேலே வீடுகளும் சாலைகளும் இருப்பதால் நகரத்துக் கழிவு அதில் கலக்கும். பலத்த மழை பெய்த மறுநாள் கடக்கும் கற்கள் வழுக்கும். அன்று ஓடையின் இந்தப் பக்கமே நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

இன்னொரு வசதி: ஒரே நடையில் இரண்டு காலம் கிடைக்கிறது. த்ஸ்வானா ஊர்களின் வட்டச் சுவர்களைத் தவிர, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேறிய மராய் என்ற போயர் (ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர்) குடும்பத்தின் பண்ணை வீட்டு இடிபாடும் கல்லறைகளும் உள்ளன. முன்னது வளைவு, பின்னது நேர்கோடும் மூலையும். ஊர் காலியான சில பத்தாண்டுகளில் அதே நிலத்தை இன்னொருவர் பண்ணையாக்கிய கதையை இரண்டு சுவர்களும் அருகருகே நின்று சொல்கின்றன. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் நகரத்துக்குள் இருந்த பேஜ்வியூவிலிருந்து லெனேசியாவுக்குத் துரத்தப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்கள் இந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

வரிக்குதிரை, கருங்காட்டுமாடு, சிவப்பு ஹார்டிபீஸ்ட் மான்கள் இருக்கின்றன. சிங்கம், யானை போன்றவை இல்லை. அதனால் கால்நடையாகவே சுற்றலாம். விலங்கு தென்பட்டால் 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குட்டியோடு இருக்கும் வரிக்குதிரை உதைக்கும்.

பாதுகாப்புக்கு இங்கேயும் குழுவாகப் போவதுதான் வழி. ஆறேழு பேருக்குக் குறையாமல் போங்கள். காப்பிடத்துக்கு உதவும் தன்னார்வலர் சங்கம் நடத்தும் வழிகாட்டு நடைகளில் சேர்ந்துகொண்டால் பாதுகாப்பும் கிடைக்கும், இடிபாடும் தப்பாமல் கண்ணில் படும். முதல் தடவை போகிறவர்கள் இதையே செய்யவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பாதையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஊரைக் கவனிக்காமலே கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

சைகர்போஸ்ராண்ட்

என்3 சாலையில் ஹெய்டல்பெர்க் பக்கம் போய், ஆர்550 சாலையில் திரும்பினால் டீப்க்லூஃப் வாசல். லெனேசியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆக்டன்வில், பெனோனி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்ட. 1974இல் அமைந்த காப்பிடம், 11,000 ஹெக்டேருக்கும் மேல். உச்சி 1,917 மீட்டர். புரோட்டியா மரங்கள் சரிவெங்கும் நிற்பதால் வந்த பெயர். நுழைவுக் கட்டணம் உண்டு.

இங்கே போக ஆசைப்படுகிற பலரையும் இழுப்பது 2018இல் வந்த குவெனெங் செய்தி. மலையின் மேற்கு அடிவாரத்தில் 10 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலத்தில் பரந்த ஒரு த்ஸ்வானா நகரத்தை, விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி அளக்கும் லைடார் முறையில் விட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கரீம் சாடர் குழுவினர் வரைந்து காட்டினார்கள். 800 வீட்டு வளாகங்கள். 15ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் வாழ்ந்த இடம். அங்கே கல் இருப்பது அதற்கு முன்பே விமானப் படங்களில் ஓரளவு தெரிந்திருந்தது. மரமும் புதரும் மறைத்திருந்ததால் எவ்வளவு பெரிய ஊர் என்பது தெரியவில்லை.

செய்தியில் வந்த படம் மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டு மேலிருந்து காட்டும் படம். தரையில் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது. புதருக்குள் சுவர், சுவருக்கு அப்பால் புதர். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனால் வழிகாட்டிப் பலகைகளோடு சுற்றிக்காட்டும் இடமும் அல்ல அது. ‘தொலைந்த நகரம்’ என்ற தலைப்பை நம்பிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக் கூட்டிப்போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குவெனெங்கின் அருமையை உணர வீட்டில் அந்த லைடார் படத்தைப் பெரிதாக்கி, பட்டி எது, வீதி எது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு கிளிப்ரிவியர்ஸ்பெர்க்கில் ஒரே ஒரு வளாகத்தைத் தரையில் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் புரிகிற அளவுக்கு மலையைச் சுற்றி அலைந்தாலும் புரியாது.

அப்படியானால் சைகர்போஸ்ராண்ட் எதற்கு? மலைக்காக. டீப்க்லூஃப் பார்வையாளர் மையத்தை ஒட்டித் தொடங்கும் சீட்டா விளக்கப் பாதை நாலு கிலோமீட்டரை ஒட்டியது. குடும்பத்துக்குப் போதும், பழைய குடியிருப்பின் கல்சுவரும் வழியில் உண்டு. பொக்மகீரி பாதை 10 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் வையுங்கள், நிழல் குறைவு. இரவு குடிசைகளில் தங்கி நாட்கணக்கில் நடக்கும் பாதைகளும் இருக்கின்றன. ஈலண்ட், கூடு மான்களும் பபூன் குரங்குகளும் உள்ளே வாழ்கின்றன. பிரியாணி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் பபூன் விடாது. காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

முழங்கால் வலியால் நடக்கவே முடியாதவர்களுக்கு மூன்றில் இதுதான் ஒரே இடம். காப்பிடத்துக்குள் 60 கிலோமீட்டர் தார்ச்சாலை மலைமேல் ஏறி இறங்கிச் சுற்றி வருகிறது. இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கும் மானும் பார்க்கலாம். சாலையும் நடைபாதைகளும் அன்று திறந்திருக்கின்றனவா என்று முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தீ வைத்துப் புல் எரிக்கும் நாட்களிலும் பராமரிப்பின்போதும் பகுதி பகுதியாக மூடுவது வழக்கம்.

எல்லா வட்டமும் பழசல்ல

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜோஹானஸ்பர்க்கின் மலைமுகடுகளில், மெல்விலின் மேற்குப் பகுதியிலும்கூட, ஆப்பிரிக்கத் தனித் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் ஞாயிறுகளில் கூடித் தொழுகிறார்கள். கற்களை வட்டமாக வைத்து அந்த இடத்தைத் தனிப்படுத்தியிருப்பார்கள். ஒற்றைக் கல் வரிசை, வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது, உள்ளே புல்லில்லாமல் காலடி பட்டுப் பழகிய தரை என்றால் அது இன்றைய தொழுமிடம். பழைய சுவர் இரட்டை வரிசையாக, நடுவில் பொடிக்கல் நிரம்பி, மண்ணில் பாதி புதைந்து, கல்மேல் பாசி படர்ந்து இருக்கும். தொழுகை நடந்தால் சுற்றிப் போங்கள். வட்டத்துக்குள் செருப்போடு நுழைவதும் படம் எடுப்பதும் வேண்டாம். நம் கோயில் கருவறைக்குத் தரும் மதிப்பே அதற்கும்.

நேர்கோட்டுச் சுவரும் செங்கோண மூலையும் இருந்தால் பண்ணைக்காரர் காலம். முகட்டில் ஓரிருவர் பதுங்கும் அளவுக்கு மட்டும் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருந்தால் போர்க்கால மறைப்பாக இருக்கலாம். 1900இல் பிரிட்டிஷ் படை ஜோஹானஸ்பர்க்கை நோக்கி வந்தபோது இந்தத் தென்மலைகளில் சண்டை நடந்தது.

எந்தக் காலமானாலும் சட்டம் ஒன்றுதான். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்லியல் இடத்திலிருந்து ஒரு பானை ஓட்டையோ கசடையோ எடுப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள்: ஓடு கிடந்த இடத்தை வைத்துத்தான் அது சமையல் முற்றமா குப்பைமேடா என்று ஆய்வாளர் சொல்கிறார். வீட்டு அலமாரிக்கு வந்த ஓடு வாயடைத்துப்போன ஓடு. சுவர்மேல் ஏறி நிற்பதும் கூடாது. சாந்தில்லாத சுவரில் ஒரு மேற்கல் உருண்டால் நடுப்பொடி வெளியே கொட்டி, அடுத்த மழையில் ஒரு கஜம் சரிந்துவிடும். விழுந்த கல்லை நல்லெண்ணத்தோடு எடுத்துத் திரும்ப அடுக்குவதும் கெடுதல்தான்.

மாதம்

ஆனி, ஆடி மாதங்கள்தான் முதல் தேர்வு. புல் காய்ந்து படுத்திருக்கும், சுவர் தெரியும், வானம் தெளிவு, பாம்பும் உண்ணியும் குறைவு. காலையில் உறைபனி இருக்கும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் போதும். ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும், நான்கு மணிக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

ஆவணியில் காற்று. புல் எரிந்த சரிவில் சுவர்கள் கோடு கிழித்தாற்போலத் தெரியும் என்பதால் இடிபாட்டுப் பித்தர்களுக்கு இதுவே நல்ல காலம். ஆனால் தீ அபாயமும் இப்போதுதான். புகை வந்தால் மேட்டை நோக்கி ஓடக்கூடாது. தீ மேலேறும்போதுதான் வேகம் எடுக்கும். ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ வெறும் பாறைக்கோ போய் நில்லுங்கள். மலை உச்சிக்குப் போனதும் கற்பூரம் ஏற்றத் தோன்றும். இந்தப் புல்லில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். பிராய் போடுவதும் (நெருப்பில் இறைச்சி சுடுவதும்) அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும்.

புரட்டாசி முதல் பாதி நல்லது: வெயில் இதம், மழை இன்னும் பிடித்திருக்காது, விரதக்காரர்களுக்குப் புளிச்சோறும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போக வசதி. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பிற்பகல் இடிமழைக் காலம். அந்த மாதங்களில் போயே தீரவேண்டும் என்றால் காலை ஏழுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைந்தால் முகட்டில் நிற்காமல் காருக்குத் திரும்புங்கள். தனிமரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. சித்திரையில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்; நடக்க இனிமை, ஆனால் புல் இன்னும் உயரம், உண்ணியும் இருக்கும்.

கையில் என்ன, காலில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கணுக்காலை மூடும் காலணி. டாக்கியோடு (கேன்வாஸ் காலணியோடு) வந்தால் பாறையில் வழுக்கும், பிளாக்ஜாக் விதைகள் நாடா முழுக்க ஒட்டிக்கொள்ளும். முழுக்கால் சட்டை. தொப்பி அவசியம்; இந்த உயரத்தில் குளிர் நாளிலும் வெயில் தோலைச் சுடும். டர்பனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்கள் முதல் இரண்டு நாள் மலையேற வேண்டாம். கடலோரத்தில் ஓடியாடியவருக்கும் இங்கே மூச்சு வாங்கும். அது இதயக்கோளாறு என்று பயந்து பாதி வழியில் திரும்புவார்கள்.

பஃப் ஆடர் பாம்பு ஆள் வந்தாலும் நகராது, மிதித்தால் கடிக்கும். ஆகவே சுவரைத் தாண்டும்போது மறுபக்கம் பார்க்காமல் காலையும், கல்லிடுக்கைப் பார்க்காமல் கையையும் வைக்காதீர்கள். ரிங்கால்ஸ் நாகம் நஞ்சைத் துப்பும், செத்ததுபோல் நடிக்கும். மல்லாந்து கிடக்கும் பாம்பைக் குச்சியால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளை முன்னாலேயே எச்சரியுங்கள். அவசரத்துக்குக் கைப்பேசியில் 112, ஆம்புலன்ஸ் 10177, காவல்துறை 10111.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, பிள்ளைகளின் காதுப்பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் உண்ணிக்காகப் பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். ஐந்து முதல் பத்து நாளுக்குள் தலைவலியும் காய்ச்சலும் வந்து, உடம்பில் எங்காவது நடுவில் கறுத்த சிறு புண் தெரிந்தால் மருத்துவரிடம் மலைக்குப் போனதைச் சொல்லிக் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை நன்றாகக் கேட்கும். மலைக்குப் போன விவரத்தைச் சொல்லாவிட்டால் சாதாரண ஃபுளூ என்று பாராசிட்டமாலோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.